பட்டப்பெயர் விழும் இடத்தில் பேச்சை நழுவவிடாமல் பிடிப்பது எப்படி

கூட்டத்தில் ஒரு பெண் கேட்கிறார்: "போன மாசக் கணக்கு ஏன் இன்னும் வரல?" "அக்கா ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்று ஒரு குரல். நாலு பேர் சிரிக்கிறார்கள், அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். கணக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அந்த அறையில் இப்போது பேசப்படுவது கணக்கு இல்லை, அக்காவின் குணம்.

இந்த வழிகாட்டி அந்த ஒரு நொடியைப் பற்றியது. வாயாடி, ராங்கி, திமிர் பிடிச்சவ, பஜாரி, பூமர் ஆன்ட்டி, சைக்கோ, கேரன், அட்டென்ஷன் சீக்கர் என்று சொல் எதுவாக இருந்தாலும் செய்யும் வேலை ஒன்றுதான். அவள் சொன்னதிலிருந்து அவள் யார் என்பதற்குப் பேச்சைத் திருப்பிவிடுகிறது. திருப்பிய பேச்சை மறுபடி இழுத்துக்கொண்டு வருவதுதான் இங்கே கற்க வேண்டிய திறமை. மற்ற எல்லாம் அதற்குத் துணை.

அடையாளம் காண மூன்று கேள்விகள்

எல்லாக் கடுஞ்சொல்லும் வாயடைக்கும் சொல் ஆகாது. கோபத்தில் வரும் வசவு வேறு. அதைத் திட்டியவரும் அறிவார், கேட்டவர்களும் அறிவார்கள். பட்டம் விழும்போது ஒருவரும் திட்டியதாக ஒப்புக்கொள்வதில்லை. "சும்மா சொன்னேன்" என்று முடித்துவிடலாம். ஆகவே இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் வாக்கியத்தில் என்ன மிச்சம்? "பூமர் மாதிரி பேசாதீங்க, அந்தத் தேதிக்குள்ள முடிக்க ஆள் போதாது" என்றால் பின்பாதியில் ஒரு வாதம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லலாம். "சரிங்க பூமர் ஆன்ட்டி" என்பதில் சொல்லை எடுத்துவிட்டால் "சரிங்க" மட்டும்தான்.

இரண்டாவது, இதே வாக்கியத்தை இதே குரலில் ஓர் ஆண் சொல்லியிருந்தால் என்ன பெயர் கிடைத்திருக்கும்? பெரும்பாலும் "கறாரான ஆள்", "முகத்துக்கு நேரே பேசுறவர்". வாயாடி என்ற சொல் இலக்கணப்படி இருபாலுக்கும் பொது. புழக்கத்தில் எத்தனை ஆண்களை அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. சொல் விழுந்த பிறகு அவர் கேட்ட கேள்வி என்ன ஆயிற்று? பதில் வந்திருந்தால் அது வெறும் முரட்டுப் பேச்சு. பதில் வராமல் பேச்சு நகர்ந்துவிட்டது என்றால், சொன்னவருக்கு அந்த நோக்கம் இருந்ததோ இல்லையோ, வாய் அடைக்கப்பட்டுவிட்டது. நோக்கத்தை நிரூபிக்க முயலாதீர்கள். அதில் இறங்கினால் அரை மணி நேரம் போகும், முடிவு கிடைக்காது. விளைவைக் காட்டுவது எளிது.

சொல் எப்படித் தடம் மாறுகிறது

இதைத் தெரிந்துகொள்வது வெறும் சுவாரசியத்துக்காக இல்லை. புதிதாக ஒரு பட்டம் கிளம்பும்போது அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எப்படிப் பதில் சொல்வது என்று தீர்மானிக்க முடியும்.

கேரன் என்ற ஆங்கிலப் பெண்பெயர் நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களிடம், தங்கள்மேல் அதிகாரத்தை ஏவக்கூடிய வெள்ளைப் பெண்களைக் குறிக்கப் பெயர்கள் நெடுங்காலமாகவே உண்டு. மிஸ் ஆன் பழையது, பெக்கி அதற்குப் பிந்தியது. கேரன் அந்த வரிசையில் வந்தது. 2020 மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், நாயைக் கயிற்றில் கட்டச் சொன்ன கறுப்பினப் பறவை ஆர்வலர் ஒருவர் தன்னை மிரட்டுவதாக ஒரு வெள்ளைப் பெண் போலீஸை அழைத்த காணொளி உலகம் முழுதும் ஓடியது. அந்த இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பு ஓர் உயிரைப் பறிக்கக்கூடும் என்ற அச்சத்துக்கு அது பெயர் கொடுத்தது. அதே ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரம், இனவெறியில் பொய்யாகப் போலீஸை அழைப்பதற்கு எதிராகக் கொண்டுவந்த சட்டத்துக்கு அந்தப் பெயர் ஒலிக்கும்படியே தலைப்பு வைத்தது.

பிறகு சொல் அந்த இடத்தை விட்டுக் கிளம்பியது. முகக்கவசம் அணிய மறுத்த பெண்ணும் கேரன், அணியச் சொன்ன பெண்ணும் கேரன் என்றானது. எதிரெதிர்ச் செயல்கள் இரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்துகிறது என்றால், அது இனி எந்தச் செயலையும் குறிக்கவில்லை. புகார் சொல்லும் பெண்ணைக் குறிக்கிறது. ஒரு பட்டம் தடம் மாறிவிட்டதா என்று அறிய இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

தடம் மாறிய சொல்லின் தனி ஆபத்து, அது தன் பிறப்பிடத்தின் நியாயத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு வருவது. கேரன் என்று சொன்னவர் இனவெறிக்கு எதிராகப் பேசுவது போலத் தோன்றுவார். பூமர் என்று சொன்னவர் பழமைவாதத்துக்கு எதிராகப் பேசுவது போலத் தோன்றுவார். அந்தச் சொல் அமெரிக்காவில் 1946 முதல் 1964 வரை பிறந்த தலைமுறையின் பெயர். 2019இல் கிண்டலாகப் பரவி, நம்மிடம் வந்து சேர்ந்தபோது ஆன்ட்டி என்ற ஒட்டோடு முப்பது வயதுப் பெண்ணுக்கும் பொருந்தத் தொடங்கிவிட்டது. டாக்சிக், கேஸ்லைட் (ஒருவரைத் தன் நினைவையே சந்தேகிக்க வைப்பது) போன்ற சொற்களும் இப்படித்தான். ஒடுக்கப்பட்டவர் தன் அனுபவத்துக்குப் பெயர் வைக்க எடுத்த சொல்லை, அவர் வாயைத் திறந்ததுமே எதிராளி எடுத்து வீசுகிறார்.

தமிழில் இந்தப் பயணம் இன்னும் பழையது. அடங்காப்பிடாரி என்பதில் இருப்பது ஊரைக் காக்கும் தெய்வத்தின் பெயர். பஜாரி என்பது கடைத்தெருவில் குரல் உயர்த்தி வாழும் பெண்ணை இழிவாக்கிய சொல். அதில் வர்க்கமும் சேர்ந்தே அடிக்கிறது. தேவரடியார் என்றால் இறைவனின் அடியார். கோயிலுக்கு நிலமும் பொன்னும் கொடை அளித்தவர்களாகவே கல்வெட்டுகளில் அவர்கள் வருகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, கோயில் பணிக்கு வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, பெயர் சொல்லி, ஆளுக்கு ஒரு வீடும் 100 கலம் நெல்லும் பங்காகக் குறிக்கிறது. அந்தத் தேவரடியார் என்ற சொல் தேய்ந்துதான் இன்று பெண்ணை நோக்கி வீசப்படும் மிகக் கொடிய வசவாகி நிற்கிறது.

உயர்த்திச் சொன்ன சொல்லும் தப்பவில்லை. புதுமைப்பெண் என்று பாரதி போற்றிப் பாடியது இன்று எந்தத் தொனியில் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். "பெரிய பத்தினி", "வந்துட்டாங்க புரட்சிப் பெண்", நீட்டி இழுத்த "மேடம்" எல்லாம் இந்த வகை. சொல்லில் குற்றம் காட்ட முடியாது, இழுப்பில்தான் நஞ்சு. எழுத்தில் பதிவு செய்யும்போது இந்த வகைதான் அதிகம் நழுவும். அதைப் பிறகு பார்ப்போம்.

கடைசிக் கட்டம் எது தெரியுமா? யாரும் சொல்லாமலேயே அவள் சொல்லிக்கொள்வது. "நான் பூமர் மாதிரி பேசுறேன்னு நினைக்காதீங்க, ஆனா..." அதற்குப் பிறகு பட்டத்தை வீச ஆளே தேவையில்லை.

அந்த நொடியில்

சொல் விழுந்ததும் உள்ளே இரண்டு வேகம் எழும்: மறுப்பது, திருப்பி அடிப்பது. இரண்டும் எதிராளிக்கே உதவும். "நான் ஒண்ணும் வாயாடி இல்லை" என்று தொடங்கினால், நீங்கள் வாயாடியா இல்லையா என்பதே அடுத்த பத்து நிமிடத்தின் தலைப்பு. மறுப்பதற்காக அந்தச் சொல்லை நீங்களும் ஒருமுறை உச்சரித்துவிட்டீர்கள். கேட்டவர் மனதில் அது இரண்டு முறை பதிந்தது. திருப்பி அடித்தால், வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அது இரண்டு பேரின் சண்டை. "ரெண்டு பக்கமும் தப்பு" என்று எழுந்து போய்விடுவார்கள். அவர் வயதையோ தலைமுடியையோ தொட்டுவிட்டால், பிறகு நீங்கள் கொடுக்கும் புகாரில் அதுதான் முதல் கேள்வியாக வரும்.

செய்ய வேண்டியது இது. ஒரு மூச்சு விடுங்கள். பட்டத்தைத் தொடாமல், உங்கள் கேள்வியைச் சுருக்கி மறுபடி வையுங்கள்:

"அது இருக்கட்டும். போன மாசக் கணக்கு எப்ப வரும்?"

பதினைந்து சொல்லுக்குமேல் போகக் கூடாது. நீண்டால் அதில் ஏதாவது ஒரு துணுக்கைப் பிடித்துக்கொண்டு எதிராளி வேறு பக்கம் ஓடிவிடுவார். வாக்கியம் தேதி, எண், பெயர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கேட்கும் கேள்வியாக முடியட்டும். "இது சரியில்லை" என்று முடித்தால் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. "எப்ப வரும்?" என்று முடித்தால் அறையில் இருக்கும் மௌனம் பதில் சொல்ல வேண்டியவரின் மௌனமாக மாறும்.

மறுபடி நழுவினால் அதே சொற்களில் இன்னொரு முறை கேளுங்கள். சொற்களை மாற்றாதீர்கள், மாற்றினால் புதுப் பேச்சு போல ஆகிவிடும். மூன்றாம் முறை கேட்க வேண்டாம். அதற்குப் பதிலாக, "இந்தக் கேள்விக்கு இன்னைக்குப் பதில் வரலைன்னு குறிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் பார்க்கவே எழுதுங்கள். மூன்றாம் முறை கேட்டால் "பாத்தீங்களா, விடமாட்டேங்குறாங்க" என்று பட்டமே உறுதிப்பட்டுவிடும்.

"அந்தச் சொல்லுக்கு இங்க என்ன அர்த்தம்?" என்று அமைதியாகக் கேட்பது இன்னொரு வழி. நாலைந்து பேர் இருக்கும் இடத்தில், சொன்னவர் தன் பெயரைக் காத்துக்கொள்ள விரும்பும் ஆளாக இருந்தால் நன்றாக வேலை செய்யும். விளக்கம் சொல்லத் தொடங்கியதுமே சிரிப்பு வற்றிவிடும். பெரிய கூட்டத்திலும், முகம் தெரியாதவர் நிறைந்த இணையத்திலும் இதைச் செய்யாதீர்கள். அங்கே ஆளுக்கொரு அர்த்தம் சொல்ல ஆரம்பிப்பார்கள், வேடிக்கை இன்னும் வளரும்.

சொல்லின் வரலாற்றை அந்த நேரத்தில் எடுத்துப் பேசுவதும் பயன்படாது. பிடாரி தெய்வம் என்று சொன்னால் "அடுத்த வகுப்பு ஆரம்பம்" என்பார்கள். அது பிறகு, அமைதியாக, கேட்க ஆசைப்படுபவரிடம் சொல்ல வேண்டியது.

இதெல்லாம் பட்டத்துக்கு மட்டும். மிரட்டலோ பாலியல் வசவோ வந்தால் பேச்சுத் திறமை எதையும் அங்கே செலவழிக்க வேண்டாம். பதில் போடாமல் பதிவு செய்யுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள், புகாருக்குப் போங்கள்.

பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்

பட்டத்தின் பலமே அவள் தனியாக இருக்கிறாள் என்பதில் இருக்கிறது. அதனால் இரண்டாவது குரல் ஒன்று வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அந்த இரண்டாவது குரல் சொல்ல வேண்டியது:

"அவங்க கேட்டதுக்கு இன்னும் பதில் வரல."

இவ்வளவுதான். "அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல, ரொம்பத் தங்கமானவங்க" என்று நற்சான்று கொடுப்பது நல்ல மனதோடு செய்யும் தவறு. பேச்சு மறுபடி அவள் குணத்துக்கே போய்விடும், கேள்வி கேட்கத் தங்கமான குணம் தகுதி என்றும் ஆகிவிடும். அவள் சார்பில் நீங்களே வாதாடத் தொடங்குவதும் தவறு. வாக்கியத்தை முடித்துவிட்டு, "நீங்க சொல்லுங்க" என்று பேச்சை அவளிடமே கொடுத்துவிட வேண்டும்.

இது தற்செயலாக நடக்காது. முன்கூட்டியே இரண்டு மூன்று பேர் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் பணியாற்றிய பெண்கள் இப்படி ஓர் ஏற்பாடு வைத்திருந்ததாக 2016இல் செய்தி வந்தது. ஒருவர் முக்கியமான கருத்தைச் சொன்னால் இன்னொருவர் அதைத் திரும்பச் சொல்லி, சொன்னவரின் பெயரையும் சேர்த்தே சொல்வார். கருத்தைக் கவனிக்காமல் கடக்கவும் முடியாது, வேறொருவர் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. நாலு பேர் கூடும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும்.

ஆண்கள் துணைக்கு வந்தால் அவர்களுக்கும் பட்டம் தயாராக இருக்கும்: சிம்ப் (பெண்களிடம் குழைபவன்), பொண்டாட்டிதாசன். அதற்கும் அதே மருந்துதான். தன்னைக் காத்துக்கொள்ளாமல் கேள்வியை மறுபடி வைப்பது. ஒரு ஆண் இதைச் சிரித்துக் கடந்துவிட்டால் அவருக்கு இழப்பு குறைவு. அதனாலேயே இதைச் செய்யும் பொறுப்பு அவருக்குக் கூடுதல்.

குழுவை நடத்துபவர்களுக்கு

தடைச்சொல் பட்டியல் போடுவதுதான் முதலில் தோன்றும் யோசனை. அது இரண்டு வழியில் தோற்கும். எழுத்தை மாற்றியும் இடையில் புள்ளி வைத்தும் ஒரே நாளில் சுற்றிவந்துவிடுவார்கள். அதோடு, "என்னை இப்படிச் சொன்னார்" என்று அந்தச் சொல்லை மேற்கோள் காட்டிய பெண்ணின் பதிவுதான் முதலில் நீக்கப்படும். "தனிநபர் தாக்குதல் கூடாது" என்ற பொது விதியும் போதாது. வீசியவரையும் எதிர்த்தவரையும் ஒரே தட்டில் வைத்து இருவரையும் வெளியேற்ற அது வசதி செய்து கொடுக்கும்.

விதி கேள்வியைக் காக்கும்படி இருக்கட்டும். "ஒருவர் கேள்வி கேட்ட பிறகு அவரைப் பற்றிய சொல் வந்தால், கேள்விக்குப் பதில் வரும்வரை அடுத்த விஷயம் எடுக்கப்படாது." இப்படி எழுதி வையுங்கள். கூட்டக் குறிப்பில் கேள்விகளுக்கு எண் போடுங்கள். பதில் வராத எண் அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாகத் தானாக ஏற வேண்டும். வேடிக்கையாகச் சொன்னவரைக் கண்டிக்கும் சங்கடம்கூட உங்களுக்கு இராது. "மூணாம் எண்ணுக்குப் பதில் சொல்லிட்டு மேல போகலாம்" என்றால் போதும்.

பதிவு செய்வது

ஒருமுறை விழுந்த பட்டத்தை வைத்துப் புகார் கொடுத்தால் "இதுக்குப் போயா" என்பார்கள். திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டினால்தான் அது எடுபடும். அன்றைக்கே, நினைவு கலங்குவதற்கு முன் எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், அதற்கு முன் நீங்கள் சொன்ன வாக்கியம், அவர் சொன்ன சரியான சொல், அதன் பிறகு உங்கள் கேள்வி என்ன ஆயிற்று. பெரும்பாலோர் அவர் சொன்ன சொல்லை மட்டும் எழுதிவிட்டு முன்னும் பின்னும் உள்ளதை விட்டுவிடுகிறார்கள். வழக்கு நிற்பது அந்த இரண்டில்தான். "மேடம்" போல, தொனியில் நஞ்சு வைத்த சொற்களுக்கு அந்த முன்பின் மட்டுமே சான்று. தாளில் "மேடம் என்றார்" என்று மட்டும் இருந்தால் மரியாதையாகவே படும். "கணக்கு கேட்டேன், மேடம் என்று இழுத்தார், மூவர் சிரித்தனர், கணக்கு பற்றிப் பேசாமல் கூட்டம் முடிந்தது" என்றிருந்தால் படிப்பவருக்கு விளங்கும்.

திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுக்கும்போது வெட்டாதீர்கள். அனுப்பியவர் பெயர், நேரம், முந்தைய செய்திகள் எல்லாம் தெரிய வேண்டும். பொதுப் பதிவு என்றால் அதன் முகவரியையும் தனியே சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் மறையும் செய்திக்கு 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று கெடு வைக்கலாம். எல்லோருக்கும் அழிக்கும் வசதி சுமார் 2 நாள்வரை இருக்கிறது. ஆகவே "நாளைக்கு எடுத்துக்கலாம்" என்பது இழப்பில் முடியும். ஆளைத் தடை செய்வதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். சில தளங்களில் தடை செய்த பிறகு அவருடைய பதிவு உங்கள் கண்ணுக்கே தெரியாது.

புகார் எழுதும்போது உணர்வை ஒரு வரியில் நிறுத்தி, விளைவைப் பல வரிகளில் எழுதுங்கள். எத்தனை முறை, எந்தெந்தக் கேள்விகள் பதிலின்றிப் போயின, அதனால் எந்த வேலை தடைபட்டது என்று சொல்லுங்கள். பட்டத்தில் பாலியல் பொருள் கலந்திருந்தால் நிறுவனத்தின் பாலியல் துன்புறுத்தல் விசாரணைக் குழுவுக்கும் போகலாம். அதற்குக் காலக்கெடு உண்டு என்பதை மறக்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடைசி நிகழ்விலிருந்து 3 மாதம். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம்வரை நீட்டிக்கலாம்.

சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா?

"ஆமா, நான் வாயாடிதான்" என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்வது ஈர்ப்பான யோசனை. சில நேரம் வெல்லும். வாக்குரிமை கேட்ட பெண்களைச் சிறுமைப்படுத்த 1906இல் லண்டன் டெய்லி மெயில் சஃப்ரஜெட் என்று ஒரு சொல்லை உண்டாக்கியது. அவர்கள் அதையே தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள், 1912இல் தங்கள் பத்திரிகைக்கும் அதே பெயரை வைத்தார்கள். அந்த வெற்றிக்குக் காரணம், சொல் புதியது, பின்னால் ஒரு பெரிய அமைப்பு இருந்தது, கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருந்தது.

2011இல் டொராண்டோவில், பெண்கள் உடையால்தான் வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்ற பொருளில் ஒரு போலீஸ்காரர் பேசியதை எதிர்த்து, நடத்தை கெட்டவள் என்ற பொருளில் அவர் சொன்ன வசவையே பெயராக ஏந்தி ஊர்வலம் போனார்கள். அது பல நாடுகளுக்குப் பரவியது. அதே ஆண்டு கறுப்பினப் பெண்கள் ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அடிமைமுறைக் காலத்திலிருந்து தங்கள் உடல்மேல் சுமத்தப்பட்ட அந்தச் சொல்லைத் தங்களால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விதி: அந்தச் சொல்லால் அதிகம் அடிபட்டவர்கள் சம்மதிக்காமல் அதை ஏந்தாதீர்கள். பஜாரி என்று ஓர் அலுவலகப் பெண் பெருமையாகச் சொல்லிக்கொண்டால் அது அவருக்கு ஒரு நாள் வேடிக்கை. கடைத்தெருவில் நிற்பவளுக்கு அது மறுநாளும் வசவுதான். தனி ஆளாக, ஒரு வாக்குவாதத்தின் நடுவில் இதைச் செய்வதும் வேண்டாம். "அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்பதோடு கேள்வி செத்துவிடும்.

நம் வாயிலிருந்தும் இந்தச் சொற்கள் வருகின்றன. அதிகாரம் உள்ள ஒரு பெண் உண்மையிலேயே அநியாயம் செய்யும்போது பட்டம் நாக்கின் நுனியில் நிற்கும். பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லை எடுங்கள். "அவ ஒரு கேரன்" என்பதைவிட "செய்யாத குற்றத்துக்குப் போலீஸை அழைத்தார்" என்பது கனமானது, மறுக்கக் கடினமானது, வேறொரு பெண்மேல் தவறிப் போய் விழவும் செய்யாது. செயலைச் சொல்ல முடியவில்லை என்றால், சொல்வதற்கு அங்கே எதுவும் இல்லை என்று அர்த்தம்.

கடைசியாக ஒரு பயிற்சி. நீங்கள் குழுக்களில் எழுதிய கடைசிப் பத்துச் செய்திகளைத் திறந்து, "தப்பா நினைக்காதீங்க", "சண்டை போட வரல", "நான் ஓவரா பேசுறேன்னு தோணலாம்" போன்ற முன்னுரைகளுக்கு அடிக்கோடு போடுங்கள். அவற்றை நீக்கிவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். பொருள் குறையாத இடங்களில் அடுத்த முறை முன்னுரை இல்லாமலே அனுப்புங்கள். முதல் சில நாள் அனுப்பும் பொத்தானில் விரல் தயங்கும். வாரத்துக்கு இரண்டு செய்தி என்று தொடங்கினால் போதும்.